கூடத்தைத் தர மறுத்த பள்ளிவாசல் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களும் அவர்களது குடும்பத்தினரும் வாரத்தில் ஒரு மாலை கூடிப் பேசப் பள்ளிவாசலின் பின்புறக் கூடத்தைத் தருமாறு மனு கொடுத்திருந்தோம். உங்கள் பதில் வந்து சேர்ந்தது. இரண்டே வரிகள். பள்ளிவாசலின் கண்ணியம் கருதி அனுமதிக்க இயலாது என்பது முதல் வரி. நமது ஜமாஅத்தில் இத்தகைய பிரச்சினை இல்லை என்பது இரண்டாம் வரி.

இரண்டாம் வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மனுவில் கையொப்பமிட்ட ஒவ்வொருவரின் பெயரும் உங்கள் சந்தாப் பதிவேட்டில் இருக்கிறது. அவர்களது நிக்காஹை உங்கள் இமாம்தான் நடத்தி வைத்தார். அவர்கள் வீட்டு ஜனாஸாக்கள் உங்கள் வாசலிலிருந்துதான் சென்றன. பிரச்சினை இல்லை என்று எழுதிய கை, அந்தப் பெயர்களைப் படித்துப் பார்த்த பிறகுதான் எழுதியதா என்று அறிய விரும்புகிறேன்.

முதல் வரிக்குத்தான் இந்த மடல். நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், நாங்களும் வெகுகாலமாகப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

என் தம்பியைப் பற்றி அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவன் மதுவைத் தொட்டதில்லை. விபத்தில் கால் முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தபோது வலிக்காக டிராமடால் மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. இரவில் உறக்கம் வராததால் தூக்க மாத்திரையும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனெனில் போதை என்றால் நாங்கள் தேடத் தெரிந்தது வாயில் மது வாடையை மட்டும்தான். மருந்துச் சீட்டோடு வந்த பொருள் ஹராம் பட்டியலில் இருக்காது என்று அவனும் நம்பினான். நம் குடும்பங்களில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுவைப் பற்றி ஆண்டு முழுவதும் ஜும்ஆவில் குத்பா உரை கேட்கிறோம். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஒரு மனிதனை அதே அளவுக்கு அடிமையாக்கும் என்று மிம்பர் மேடையிலிருந்து ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

ரமலான் வந்தது. இனி இந்த மாத்திரைகள் வேண்டாம், அல்லாஹ்வுக்காக விட்டுவிடுகிறேன் என்று அவனே முடிவெடுத்தான். யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினான். அவனது நிய்யத்தில், அந்த எண்ணத்தில், குறை காண எவராலும் முடியாது. ஆனால் உடலுக்கு நிய்யத் தெரியாது. வியர்த்துக் கொட்டியது, கை கால் நடுங்கியது, இரவெல்லாம் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். பிறகு வலிப்பு வந்தது. நீண்டகாலம் எடுத்துவந்த தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது எந்த மருத்துவரும் சொல்லக்கூடிய செய்தி. எங்களிடம் சொல்ல எவரும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்த பெரியவர்கள் அது ஜின்னின் வேலை என்றார்கள். ஓதிப் பார்ப்பவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் அந்த ஜின்னின் பெயரைக்கூடச் சொன்னார். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், எப்போது நிறுத்தினாய் என்று மட்டும் கேட்கவில்லை.

ஜின் என்ற படைப்பு உண்டு என்பதை நம்புகிறவள்தான் நானும். ஓதிப் பார்ப்பது நபிவழியில் உள்ளது என்பதும் எனக்குத் தெரியும். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. ஓதிவிட்டு மருத்துவமனைக்கு அனுப்பாமல் இருந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வலிப்புக்குப் பிறகு நாங்களே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

உங்களில் சிலர் இதைத் தனி ஒரு வீட்டின் துயரம் என்று நினைக்கலாம். எனவே ரமலானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் சமூகத்தில் போதையை விட முயல்பவர்கள் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் முயல்கிறார்கள். பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், அடுத்த சில நாட்களுக்குள் வலிப்பும், இல்லாததைக் காணும் கடும் மனக்குழப்பமும் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களில் ஆபத்து வேறு விதமானது. அவற்றை நிறுத்தும்போது வரும் அவதி பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. ஒரு மாதம் விட்டிருந்து மீண்டும் தொடுவதுதான் கொல்கிறது. உடல் பழைய தாங்கும் சக்தியை இழந்துவிட்டிருக்கும், கையோ பழைய அளவையே எடுக்கும், மூச்சு நின்றுபோகும். நோன்பில் தூய்மையாக இருந்த பிள்ளை பெருநாளுக்குப் பின் ஏன் இறந்தான் என்று அழும் தாய்க்கு அந்தக் காரணத்தை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? நலாக்ஸோன் என்ற மருந்தை மூக்கில் தெளித்தோ ஊசியாகவோ உடனே கொடுத்தால், நின்றுகொண்டிருக்கும் மூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியும். இது குத்பாவில் சொல்லத் தகாத செய்தியா?

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் அந்த மாதம் எளிதானதல்ல. லித்தியம் எடுக்கும் ஒருவர் கோடைப் பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நச்சாகிவிடக்கூடும். நோன்பைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டிய ஒரு கூட்டமே நம் தொழுகை வரிசைகளில் நிற்கிறது. நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்கள் இடம் தந்திருக்கின்றன. சர்க்கரை நோயாளிக்கு அந்தச் சலுகையை நினைவூட்டும் நாம், மனநோயாளி நோன்பை விட்டால் மட்டும் அவரது இறைநம்பிக்கையான ஈமானைச் சந்தேகிக்கிறோம்.

இப்போது கண்ணியத்துக்கு வருகிறேன்.

புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவான ஒரு நிகழ்ச்சி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்துல்லாஹ் என்று ஒரு தோழர். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். மறுபடியும் குடித்த நிலையில் கொண்டுவரப்பட்டார், மறுபடியும் தண்டனை நிறைவேறியது. கூட்டத்தில் இருந்த ஒருவர், இவனை எத்தனை முறைதான் கொண்டுவருவது என்று சொல்லிச் சபித்தார். நபியவர்கள் தடுத்தார்கள். சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிக்கிறார் என்பதையே நான் அறிவேன் என்றார்கள். இதேபோன்ற இன்னொரு சந்தர்ப்பத்தில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்றும் சொன்னார்கள்.

தண்டனை இருந்தது. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. மது ஹராம் என்ற சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்துமாறு கேட்கவும் இல்லை. நான் கவனிப்பது இதைத்தான்: அந்த மனிதர் திரும்பத் திரும்ப விழுந்த பிறகும் அந்தச் சமூகத்தின் உள்ளேதான் இருந்தார். அவருடைய பெயரும் அவருடைய நேசமும் சபையில் எடுத்துச் சொல்லப்பட்டன. மதீனாவின் பள்ளிவாசலுக்கு இருந்த கண்ணியத்தைவிட நம் பள்ளிவாசலின் கண்ணியம் பெரிது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

போதையில் இருப்பவன் தொழுகையை நெருங்க வேண்டாம் என்ற அந்நிஸா அத்தியாயத்தின் 43 ஆம் வசனத்தை உங்களில் ஒருவர் எங்களிடம் எடுத்துக்காட்டினார். அந்த வசனமே, நீங்கள் சொல்வது என்னவென்று உங்களுக்குத் தெரியும்வரை என்றுதான் தொடர்கிறது. நாங்கள் கூட்டிவர விரும்புபவர்கள் போதை தெளிந்தவர்கள். அந்தத் தெளிவு நாளைக்கும் நிலைக்க வேண்டும் என்று தவிப்பவர்கள். வசனம் யாரை விலக்கியதோ அவர்களும் இவர்களும் வேறு.

மேலும், மறுபடி விழுவது, பாவத்தை விட்டு மீள்வதாகச் செய்த தவ்பா பொய் என்பதன் அடையாளம் அல்ல. அமெரிக்காவின் தேசிய போதைப் பழக்க ஆய்வு நிறுவனம் சிகிச்சைக்குப் பின் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி பொருளைத் தொடுகிறார்கள் என்று கணக்கிடுகிறது. இரத்தக் கொதிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுப்பவர்களில் நோய் திரும்புகிறவர்களின் விகிதம் இதைவிடக் குறைவல்ல. கொதிப்பு ஏறியவரைப் பார்த்து உன் தவ்பா பொய் என்று எவரும் சொல்வதில்லை. என் தம்பி சிகிச்சை முடிந்து வந்து மறுபடி ஒருமுறை விழுந்தபோது, உங்கள் குழுவில் உள்ள ஒருவர் அவன் எதிரிலேயே, இவர்களுக்கு அல்லாஹ்வின் பயம் இல்லை என்றார். அன்றிலிருந்து அவன் ஜும்ஆவுக்கு வேறு பள்ளிவாசலுக்குப் போகிறான். அல்லாஹ்வின் பயம் இல்லாதவன் ஜும்ஆவுக்கே போயிருக்க மாட்டான் என்பது அந்தப் பெரியவருக்குத் தோன்றவில்லை.

நம் முன்னோர்கள் இவ்வளவு கூச்சப்பட்டவர்கள் அல்லர். 934 இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நோயையும் உள்ளத்து நோயையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்து வரும் துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் உடலின் உள்ளிருந்து எழும் துக்கம் இன்னொன்று என்று பிரித்துக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், உனக்கு என்ன குறை, ஏன் இப்படி இருக்கிறாய் என்றுதான் நாம் மனச்சோர்வு உள்ளவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். டமாஸ்கஸில் 1154 இல் ஆட்சியாளர் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284 இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையும் வக்ஃபு எனும் அறக்கொடைச் சொத்துகளின் வருமானத்தில் நடந்தவை. கெய்ரோ மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. அது மதரஸாவும் சுல்தானின் அடக்கத்தலமும் இருந்த அதே வளாகத்தில் எழுந்தது. துருக்கியின் எதிர்னேயில் 1488 இல் முடிந்த, உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீதின் வளாகத்தில் பள்ளிவாசலை ஒட்டியே மருத்துவமனை; அங்கே மனம் கலங்கியவர்களுக்கு இசையும் நீரோசையும் சிகிச்சையின் பகுதியாக இருந்தன. பள்ளிவாசலின் வருமானமும் நிழலும் நோயாளிக்குச் சேர வேண்டியவை என்று அவர்கள் கருதினார்கள். நாங்கள் கேட்பது மருத்துவமனை அல்ல. நாற்காலி போட்ட ஒரு கூடம்.

தொலைவில் எங்கோ பழங்காலத்தில் நடந்தது என்று இதை ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவின் பால்டிமோரில் 1989 இல் தொடங்கிய மில்லத்தி இஸ்லாமி என்ற தோழமை, குடிநோயாளிகள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளைக் குர்ஆனின் வழியில் அமைத்துக்கொண்டு முஸ்லிம்களை ஒன்று சேர்த்தது. கோலாலம்பூரின் அர்ரஹ்மான் பள்ளிவாசல் 2010 இல் ஒரு படி மேலே போனது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்களோடு இணைந்து, ஹெராயினை விட முயல்பவர்களுக்கு மெத்தடோன் சிகிச்சையைப் பள்ளிவாசலுக்குள்ளேயே தொடங்கியது. மெத்தடோனும் ஒரு போதைதானே என்று நம்மில் பலர் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005 முதல் மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. அளவோடும் கண்காணிப்போடும் கொடுக்கும்போது அவை மயக்கத்தைத் தருவதற்காக அல்ல, பொருளுக்காக உடல் தவிப்பதை அடக்கி உயிரைக் காப்பதற்காகக் கொடுக்கப்படுகின்றன. அந்த மருந்தை எடுத்துக்கொண்டு தொழலாமா என்ற கேள்வி நம் இளைஞர்களிடம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அது நடக்காததால், அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே மருந்தை நிறுத்துகிறார்கள்.

போதையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதியை விட்டவள் ஆவேன். எங்கள் குழுவில் ஓர் இளம்பெண்ணின் தாய் இருக்கிறார். அந்தப் பெண் தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூச் செய்ய உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை. கை கழுவினோமா, தலையில் தண்ணீர் பட்டதா, தக்பீர் சொன்னோமா என்று சந்தேகம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். தொழுகையை மறுபடி மறுபடி தொடங்குவாள், அழுகையில்தான் முடியும். மதரஸா ஆசிரியை இன்னும் கவனமாகத் தொழச் சொன்னார். மருத்துவமனை ஆலோசகர், கொஞ்ச நாள் தொழுகையே வேண்டாம், மதம்தான் உன்னை வதைக்கிறது என்றார். ஒருவர் சொன்னது நோயை வளர்த்தது. இன்னொருவர் சொன்னதை அவள் ஒருபோதும் செய்யப்போவதில்லை, எனவே அந்த மருத்துவமனைக்கு அவள் திரும்பிப் போகவில்லை.

இது வஸ்வாஸ் என்று நம் ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்ட, அறிஞர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே அடையாளம் கண்ட தொல்லை. மருத்துவம் இதை ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் ஓயாமல் திரும்பும் நோய், என்கிறது. சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஒருமுறை கழுவினாய், போதும், சந்தேகம் வந்தாலும் திரும்பாதே என்பதே அதன் பொருள். ஓசிடிக்கு உளவியலாளர்கள் தரும் முதன்மைச் சிகிச்சையும் இதைத்தான் செய்யச் சொல்கிறது: பதற்றம் வரட்டும், ஆனால் சடங்கைத் திரும்பச் செய்யாதே. ஆக, இமாமும் உளவியலாளரும் ஒரே அறிவுரையைத்தான் கொடுக்கப் போகிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை என்பதால் அந்தப் பெண் நடுவில் நிற்கிறாள். இறுதியில் அவளை மீட்டது, தாமாகவே ஃபத்வாவை, மார்க்கத் தீர்ப்பை, எழுதிக் கையில் கொடுத்த ஓர் ஆலிமும், அந்தத் தாளை மதித்துத் தன் சிகிச்சைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்ட ஒரு பெண் உளவியலாளரும்தான். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். வேறு எந்த அற்புதமும் நடக்கவில்லை.

இந்த இடத்தில் மறுவாழ்வு மையங்களையும் மனநல மருத்துவமனைகளையும் நடத்துபவர்களுக்குச் சில சொற்கள். இம்மடலின் படியை உங்களுக்கும் அனுப்புகிறேன்.

என் தம்பி தங்கிய மையத்தில் ஜும்ஆ நேரத்தில்தான் குழு ஆலோசனை வைத்தார்கள். ஒரு மணி நேரம் தள்ளி வைக்கக் கேட்டோம். இங்கே எல்லோருக்கும் ஒரே விதி என்றார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லும்போது அந்த விதி யாருடைய வாரத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது என்று ஒருமுறை யோசியுங்கள். அவனைப் போதையிலிருந்து இழுத்துப் பிடித்திருந்த ஒரே கயிறு ஐந்து வேளைத் தொழுகை. அதைச் சிகிச்சைக்கு இடைஞ்சல் என்று குறிப்பேட்டில் எழுதினீர்கள். மருந்தின் உறை பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினா, சிரப்பில் ஆல்கஹால் இருக்கிறதா என்று அவன் கேட்டபோது, அதெல்லாம் மருந்தில் பார்க்கக் கூடாது என்று அதட்டினீர்கள். அவன் வாங்கிக்கொண்டு சாக்கடையில் போட்டான். மாற்று மாத்திரை இருந்தது. அடுத்த மருத்துவர் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். குடும்பத்தில் சண்டை என்று அவன் சொன்னால், உங்கள் அப்பா தீவிர மதவாதியா என்பதுதான் ஆலோசகரின் முதல் கேள்வி. எங்கள் தந்தை தையல் தொழிலாளி. சண்டை வீட்டுக் கடனைப் பற்றியது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். பிரசவத்துக்குப் பின் மனம் உடைந்த ஒரு பெண்ணுக்கு ஆண் மருத்துவர் மட்டும் இருந்தார். மொழி புரியாததால் கணவரே மொழிபெயர்த்தார். அந்தக் கணவரைப் பற்றிச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். வேறு சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தாயின் தற்கொலை எண்ணங்களை மருத்துவரிடம் மொழிபெயர்க்கிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொன்று. நாங்கள் மனம் திறந்து பேசினால் அது எங்கே போய்ச் சேரும் என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. பிரிட்டனில் 2015 முதல், தீவிரவாதச் சாய்வு என்று சந்தேகப்படுபவர்களைப் பற்றித் தகவல் கொடுக்கும் கடமை மருத்துவமனைகளின் மேலும் சுமத்தப்பட்டிருக்கிறது. நோயாளியாக வந்தவன் சந்தேக நபராகிவிடலாம் என்ற எண்ணம் ஒரு சமூகத்தில் விழுந்துவிட்டால், அங்கே நம்பிக்கையை உண்டாக்க ஆண்டுகள் பிடிக்கும். யாரிடம் எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுங்கள். அதைக் கேட்காமல் எவரும் உண்மையைச் சொல்லப் போவதில்லை.

நிர்வாகக் குழுவினரே, திரும்ப உங்களிடம் வருகிறேன். மருத்துவமனைகளின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள் மேல் உள்ளது உரிமைக் கோபம். அவர்கள் எங்களைத் தெரியாதவர்கள். நீங்கள் தெரிந்தவர்கள்.

நம் சமூகத்தில் மனநோயும் தற்கொலை எண்ணமும் குறைவு என்று பெருமை பேசும் வழக்கம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மனநல இதழில் 2021 இல் வெளியான ஓர் ஆய்வு, வாழ்நாளில் ஒருமுறையேனும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொன்னவர்கள் அந்நாட்டு முஸ்லிம்களில் 7.9 சதவீதம் என்று காட்டியது. கத்தோலிக்கரில் 6.1, புராட்டஸ்டண்டுகளில் 5.1, யூதர்களில் 3.6. ஒரே நாட்டின் கணக்குதான். எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈமான் இருந்தால் இதெல்லாம் வராது என்ற பேச்சை அந்த எண்கள் அனுமதிப்பதில்லை. அந்தப் பேச்சின் விளைவு ஒன்றுதான்: வந்தவர் வாயைத் திறப்பதில்லை. யஃகூப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின என்று யூஸுஃப் அத்தியாயம் 84 ஆம் வசனத்தில் சொல்கிறது. அவர் ஒரு நபி. அவருடைய ஈமானில் குறை என்று எவர் சொல்வார்?

உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் வீட்டுக்கு நம் ஜமாஅத் போகும் விதத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஜனாஸாத் தொழுகை உண்டா என்று அந்தக் குடும்பத்தின் காதுபட விவாதிக்கிறோம். தொழுகை உண்டு என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. அதைத் தெரிந்துகொண்டு வாசலுக்குப் போகலாம்; வாசலில் நின்றுகொண்டு தேட வேண்டியதில்லை.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

கூடம் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில். சுத்தம் செய்வதும் மின்கட்டணமும் எங்கள் பொறுப்பு. வருபவர்களின் பெயரை எவரும் குறிக்கக் கூடாது. நிர்வாகிகள் உட்பட எவரும் வாசலில் நின்று யார் வருகிறார்கள் என்று பார்க்கக் கூடாது. பெண்களுக்கும் தாய்மார்களுக்கும் தனி நேரமும் தனி வழியும் வேண்டும். இதில் பேரம் இல்லை, ஏனெனில் இரகசியம் காக்கப்படாத கூட்டத்துக்கு எவரும் வர மாட்டார்கள். திருமண வயதில் பிள்ளைகள் உள்ள வீடுகள் வரவே வராது.

இமாமுக்கும் மதரஸா ஆசிரியர்களுக்கும் மனநல முதலுதவியில் பயிற்சி கொடுங்கள். அவர்கள் மருத்துவராக வேண்டியதில்லை. வலிப்பு எது, தற்கொலை ஆபத்து எது, வஸ்வாஸ் எப்போது நோயாகிறது, எவரை எங்கே அனுப்புவது என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். பயிற்சி தர ஒப்புக்கொண்ட மனநல மருத்துவர் ஒருவரும் உளவியலாளர் ஒருவரும் எங்களிடம் இருக்கிறார்கள். கட்டணம் கேட்கவில்லை.

நம் பள்ளிவாசலின் பெயரைச் சொல்லி ஓதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு நிபந்தனை விதியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது. வலிப்போ, நினைவிழப்போ, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சோ இருந்தால் முதலில் மருத்துவமனை, பிறகு ஓதல். மறுப்பவர்களுக்குப் பள்ளிவாசலின் வளாகத்தில் இடம் இல்லை என்று அறிவியுங்கள். கண்ணியத்தைக் காக்க உண்மையில் விருப்பம் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே, ஷஅபானின் ஒரு ஜும்ஆவை இதற்கென ஒதுக்குங்கள். மாத்திரை எடுப்பவர்களும் போதையை விட விரும்புபவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று இமாம் வாயால் சொல்லட்டும். நலாக்ஸோன் எங்கே கிடைக்கும் என்பதையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மெத்தடோன், புப்ரெனார்ஃபின், ஜெலட்டின் உறை, ஆல்கஹால் கலந்த சிரப் ஆகியவை குறித்து, மருத்துவரைக் கலந்த பிறகு நம் ஆலிம்கள் எழுத்தில் தீர்ப்பு தரட்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் மருந்தை விழுங்குவார்கள்.

ஜகாத் நிதியிலிருந்து, சிகிச்சைக் கட்டணம் செலுத்த முடியாத ஏழை நோயாளிகளுக்கு உதவ முடியுமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஏழையும் கடனில் மூழ்கியவரும் ஜகாத் பெறத் தகுதியானவர்கள் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம் பட்டியலிடுகிறது. போதை நோயாளியின் குடும்பம் பெரும்பாலும் இரண்டிலும் அடங்கும்.

மறுவாழ்வு மையங்களும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை மேலே இருக்கின்றன: ஜும்ஆவுக்கும் தொழுகைக்கும் நேரம், பெண் நோயாளி கேட்டால் பெண் ஆலோசகர், குடும்பத்தினர் அல்லாத மொழிபெயர்ப்பாளர், மருந்தின் உட்பொருளைப் பற்றிய நேர்மையான பதில், இரகசியம் குறித்த எழுத்துறுதி. நோயாளி விரும்பினால் அவர் நம்பும் ஓர் ஆலிமைச் சிகிச்சைக் குழு அழைத்துப் பேச வேண்டும். நோயாளி விரும்பாவிட்டால் அழைக்கக் கூடாது. முஸ்லிம் பெயர் உள்ள எல்லோரும் இமாமைத் தேடுபவர்கள் அல்லர்; சிலர் எங்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் உங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு.

இந்த மடலை அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேருங்கள். எங்களில் நால்வரை, இருவர் பெண்கள், நேரில் பேச அழையுங்கள். மறுபடியும் மறுப்பதாக இருந்தால், கண்ணியம் என்ற ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்ப வேண்டாம். எந்த வசனத்தின்படி, எந்த ஹதீஸின்படி மறுக்கிறீர்கள் என்று எழுதி, குழுவினர் அனைவரும் கையொப்பமிட்டு, எங்கள் மனுவைப் போலவே பெயர் தெரியும்படி அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.

மனுவில் முதல் கையொப்பமிட்டவள்